பெயர் சுட்டலும் பெயர் மறைத்தலும்: பொதுவெளி எழுத்தும் ஆய்வாளர் கடனும்



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்பது எளிய செயலன்று. பனியன் கம்பெனிகளின் ஷிப்டுகளுக்கும் விசைத்தறிகளின் ஓசைக்கும் இடையே, மாதந்தோறும் கூடிக் கவிதை படிப்பதற்கு ஒரு மன உறுதி வேண்டும். இத்தகைய அவையில் பாடுவோரும் உண்டு; கேட்போரும் உண்டு. கேட்டதை எடுத்து ஆராய்வோரும் தொகுப்போரும் உண்டு. பாடுவோர்க்கும் ஆராய்வோர்க்கும் இடையே உள்ள கடன் யாது என்பதே இவ்வுரையின் பொருள். பிறர் எல்லோரும் காண எழுதி வைத்ததை ஆய்வாளர் எடுத்தாளும்பொழுது எவ்வறம் அவரைக் கட்டுப்படுத்துகிறது? அவ்வறத்திற்குத் தமிழ் மரபில் இடம் உண்டா? இவ்விரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

முகம் கண்டு கேட்ட காலம்

ஒப்பாரியைப் பதிவு செய்ய விரும்பிய பழைய ஆய்வாளர் இழவு வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். அல்லது துக்கம் ஆறிய பின் அந்த வீட்டுக்குச் சென்று, காப்பி குடித்து, உறவுமுறை சொல்லிப் பேசி, "ஆத்தா, அன்னைக்குப் பாடினதை இன்னொருக்காப் பாடுங்க" என்று கேட்டார். பாடுவதும் மறுப்பதும் அந்தப் பெண்ணின் கையில் இருந்தன. ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்துமுன் அவர் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

இன்று நிலை மாறிவிட்டது. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், ஒன்றரை ஷிப்டு முடித்து விடுதிக்குத் திரும்பி, இரவு பதினொரு மணிக்குத் தம் மனச்சுமையை முகநூலில் எழுதுகிறார். அதைக் கவிதை என்றும் சொல்லலாம். புலம்பல் என்றும் சொல்லலாம். ஆயிரம் கல் தொலைவில் உள்ள ஆய்வாளர் ஒருவர் அதைப் படியெடுத்துத் தம் ஆய்வேட்டின் நான்காம் இயலில் சேர்க்க முடியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை. ஏன் கேட்கவில்லை என்று வினவினால், "எல்லோரும் காணத்தானே எழுதியிருக்கிறார்? பொதுவில் உள்ளதை எடுப்பதற்கு யாரைக் கேட்பது?" என்னும் விடை ஆயத்தமாக இருக்கும்.

இந்த விடை புதியதன்று. இணையம் தோன்றுமுன்பே தமிழ் ஆய்வுலகம் இதைச் சொல்லி வந்துள்ளது.

காற்றில் மிதந்தனவா?

1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்புறப் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். 1943இல் மு. அருணாசலம் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'காற்றிலே மிதந்த கவிதை' என்பதாகும். 1958இல் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டித் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சேர்ந்திருந்த பாடல்களின் தொகுப்பாகும். இம்மூவரின் தொண்டும் பெரிது. இவர்கள் இல்லையெனில் எத்தனையோ பாடல்கள் மண்ணோடு போயிருக்கும்.

எனினும் இத்தலைப்புகள் ஒரு மனப்பாங்கையும் காட்டுகின்றன. காற்றில் மிதப்பதற்கு உரியவர் இல்லை. அருவி யாருக்கும் சொந்தமில்லை. நாட்டுப்புறப் பாடல் இயற்கைப் பொருள் போலக் கருதப்பட்டது. நாற்று நட்டவளின் குரலில் பிறந்த பாடல் நூலில் ஏறியபொழுது, தொகுத்தவர் பெயர் அட்டையில் நின்றது. பாடியவள் 'மக்கள்' என்னும் பொதுச்சொல்லுக்குள் கரைந்து போனாள்.

இந்நிலையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியவர் பேராசிரியர் நா. வானமாமலை. 1964இல் வெளிவந்த அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் ஆகியவை குறிக்கப்பெற்றன. இரண்டு வரிக் குறிப்புதான். ஆயினும் பாடலுக்கு ஓர் ஊரும் ஓர் ஆளும் உண்டு என்பதை அந்த இரண்டு வரிகள் ஒப்புக்கொண்டன.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. அண்ணன்மார் கதையை ஏட்டுச்சுவடியிலிருந்து 1971இல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்தார். அதற்கு முன்பே, 1965இல், காங்கேயம் பகுதியில் உள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த மானிடவியலார் பிரெண்டா பெக், அதே கதையை உடுக்கடிப் பாடகரின் வாய்மொழியாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக, தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து, இரு தொகுதிகளாக வந்தது. பாடியவர் இ. சி. இராமசாமி என்பதும், பாடிய ஊரும், பதிந்த ஆண்டும் இன்று ஆய்வுலகம் அறிந்த செய்திகள். அக்கதை பின்னர்க் கனடாவில் அசைவூட்டப் படத் தொடராகவும் உருவாயிற்று. ஊர்க்கோயில் முன் அமர்ந்தவர்களுக்காகப் பாடப்பட்டது, அந்தப் பாடகர் எண்ணிப் பார்த்திராத அவைகளுக்கெல்லாம் சென்றது. அவ்வளவு தொலைவு சென்ற பின்னும் அப்பாடலைப் பிறந்த ஊருக்கு மீட்டு வந்து அடையாளம் காட்ட முடிகிறது என்றால், பெயரும் இடமும் காலமும் குறித்து வைக்கப்பட்டதே காரணம்.

இதுவரை கண்டவற்றால், ஆய்வாளர் கடன் பெயரைச் சொல்வதே என்று தோன்றும். அது பாதி உண்மை. மறுபாதி அகத்திணை மரபில் உள்ளது.

அகத்தில் மறைவதும் புறத்தில் நிற்பதும்

அன்பின் ஐந்திணைக்கு உரிய மக்களுள் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்களே அங்குப் பேசும். புறத்திணையில் பெயர் சுட்டப்படும். கொடுத்த வள்ளலின் பெயரும், போரிட்ட மன்னனின் பெயரும், ஊரும் மலையும் சுட்டப்படும். ஒருவருடைய உள்ளத்து நோய் ஊரறியப் பாடப்படலாம். ஆனால் அந்நோய்க்கு உரியவர் இன்னார் என்று ஊர் அறியலாகாது. அலர் தூற்றும் ஊரில் வாழ வேண்டிய பெண்ணுக்கு இவ்விதி ஒரு காப்பு எனலாம்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. அகப்பாடலில் மறைவது பாடப்பட்டவர் பெயரே. பாடியவர் பெயர் மறைவதில்லை. குறுந்தொகைப் பாடலின் கீழே புலவர் பெயர் நிற்கிறது. படைத்தவர்க்கு உரிய புகழை மரபு பறிக்கவில்லை. துன்புற்றவர்க்கு உரிய மறைவையும் பறிக்கவில்லை. இரண்டு உரிமைகளையும் இரண்டு வேறு ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, சிக்கலைத் தீர்த்துக்கொண்டது.

இன்றைய சிக்கல், அவ்விருவரும் ஒருவராகிவிட்டதுதான். இரவு பதினொரு மணிக்கு எழுதிய அந்தச் செக்கிங் பெண்ணே புலவர், அவரே தலைவி. கவிதையைப் படைத்தவர் என்ற முறையில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது திருட்டு. துன்பத்தைச் சொன்னவர் என்ற முறையில் அவர் பெயரை மறைக்க வேண்டும்; சொன்னால் மறுநாள் சூப்பர்வைசர் முன் நிற்க வேண்டியவர் அவர்தான். எதைச் செய்வது என்று ஆய்வாளர் தாமாக முடிவு செய்ய இயலாது. அதை முடிவு செய்யும் உரிமை எழுதியவர்க்கே உண்டு. ஆகவே அவரைக் கேட்டே ஆக வேண்டும். ஆய்வு நெறியாளர் 'ஒப்புதல்' என்று கூறுவதன் உயிர் இதுவே.

பெயர் நீக்கினால் போதுமா?

"பெயரை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தாண்டால் போதாதா?" என்று கேட்கலாம். பெயர் நீங்கினும் ஆள் வெளிப்படும் வழிகள் மூன்றைச் சங்க இலக்கியமே காட்டுகிறது.

முதலாவது, சொல். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்பன பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. புலவரின் இயற்பெயர் கிடைக்காத நிலையில், பாடலில் வந்த தொடரே பெயராயிற்று. ஒரு சொற்றொடர் ஓர் ஆளைச் சுட்டப் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்று தேடுபொறியில் ஒருவர் எழுதிய ஒரு வரியை அப்படியே இட்டால், அடுத்த நொடியில் அவர் பக்கம் திறக்கக்கூடும். ஆய்வேட்டில் 'ஒரு தொழிலாளி' என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் அவருடைய சொற்களை மாற்றாமல் இடுவது, கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதாகும்.

இரண்டாவது, அடையாளம். நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவன் பெயர் இல்லை. பிரிவால் வருந்தும் அரசியும், பாசறையில் உறங்காத அரசனுமே உள்ளனர். ஆயினும் அவ்வரசனின் வேலில் வேம்பு கட்டியிருந்ததாகப் புலவர் கூறிவிட்டார். வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ ஆதலின் இப்பாட்டு அகமாகாது, புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஒரு பெயரும் சொல்லாமல், ஒரு வேப்பந்தழையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மூன்றாவது, இணைப்பு. வெள்ளிவீதியாரின் பாடல்கள் அகப்பாடல்கள். அவற்றில் தலைவி பெயரற்றவள். ஆனால் அகநானூற்று 147ஆம் பாடலில் ஔவையார், பிரிவுத் துயருடன் வழிச்செலவு மேற்கொண்டவளுக்கு வெள்ளிவீதியை உவமையாகக் கூறினார். இரண்டையும் இணைத்த பின்னர், வெள்ளிவீதியார் பாடியது தம் சொந்தத் துயரையே என்னும் கருத்து நிலைத்தது. தனித்தனியே நின்றவரை ஒன்றும் வெளிப்படவில்லை. இணைத்தபொழுது ஓர் ஆளின் வாழ்வே வெளிப்பட்டது.

மேலை நாட்டார் இதனைப் பட்டறிந்து கற்றனர். 2006இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை ஆய்வாளர் பயன்பாட்டுக்கென வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. சில நாள்களுக்குள்ளேயே நியூயார்க் டைம்ஸ் இதழாளர்கள், ஓர் எண்ணின் கீழ் இருந்த தேடல்களை ஒன்றோடொன்று இணைத்து, ஜார்ஜியா மாநிலத்து மூதாட்டி ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினர். 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் முகநூலில் இருந்து திரட்டிய மாணவர் தரவுகளை, பல்கலைக்கழகத்தின் பெயரை மறைத்து வெளியிட்டனர். அங்கு மட்டுமே உள்ள பாடப்பிரிவுகள் போன்ற குறிப்புகள் வேப்பந்தழையின் வேலையைச் செய்தன. பல்கலைக்கழகம் எது என்பது விரைவில் வெளிப்பட்டது. மைக்கேல் சிம்மர் 2010இல் இதனை ஆராய்ந்து எழுதினார். "முன்பே பொதுவில் உள்ளதுதானே" என்னும் வாதம் எவ்வளவு நொய்யது என்பதே அவர் கட்டுரையின் மையம். அதன் பின்னரும் 2016இல், மணத்துணை தேடும் தளம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 70,000 பேரின் அந்தரங்க விடைகள் அதே வாதத்துடன் இணையத்தில் கொட்டப்பட்டன.

கேட்போர் என்னும் சொல்

பொதுவில் இருப்பது வேறு. பொதுச்சொத்தாக இருப்பது வேறு. சந்தையில் இருவர் பேசுவதை அருகில் நிற்பவர் கேட்கலாம், கேட்பது குற்றமன்று. அதையே எழுதி எடுத்துச் சென்று அவர் சம்பந்தி வீட்டில் படித்துக் காட்டினால் அது குற்றமாகிறது. பேச்சு மாறவில்லை, கேட்போர் மாறினர். ஒரு செய்தி எச்சூழலில் எவருக்குச் சொல்லப்பட்டதோ, அச்சூழலின் நெறியோடு அது செல்ல வேண்டும் என்பதை அமெரிக்க அறிஞர் ஹெலன் நிசன்பாம் விரிவாக நிறுவி, 2010இல் நூலாகவும் எழுதினார்.

இக்கருத்துத் தமிழ்ப் பாயிர மரபுக்கு அயலானதன்று. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுத்தார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஒரு நூலை அறிமுகம் செய்பவர் இவ்வெட்டையும் சொல்லாமல் நூலுக்குள் புகலாகாது. எழுதியவரோடு நில்லாமல் கேட்போரையும் சேர்த்துச் சொன்னது இவ்விதியின் சிறப்பு. எவருக்காகச் சொல்லப்பட்டது என்பது நூலின் ஒரு பகுதியே என்று பவணந்தியார் கருதினார் எனக் கொள்ளலாம்.

இணையத்தில் இருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வெட்டையும் வினாக்களாக இட்டுப் பார்க்கலாம். எழுதியவர் யார், பெயர் சொல்ல விரும்புவாரா, மறைக்க விரும்புவாரா? எவ்வழியாக வந்தது, அவரே எழுதியதா, மற்றொருவர் பகிர்ந்ததா? எவ்வெல்லைக்குள் வழங்கியது, நாற்பது பேர் உள்ள குழுவிலா, நாடறிந்த பக்கத்திலா? அவரே பெயரிட்டாரா, ஆய்வாளர் 'கவிதை' என்று பெயரிட்டாரா? எதற்கு விடையாக எழுந்தது? யாப்பு என்பதற்கு முன்னும் பின்னுமான இயைபு என்று உரைகாரர் பொருள் கொண்டனர். விடையை மட்டும் வெட்டி எடுத்தால் வினா மறைந்து பொருள் திரியும். எப்பொருளைப் பற்றியது? எவர் கேட்க எழுதப்பட்டது? இறுதியாக, இவ்வாய்வினால் பயன் எவருக்கு. எழுதியவருக்கும் சிறிதேனும் உண்டா, பட்டம் பெறுபவருக்கு மட்டுமா?

திருப்பூர் தந்த பாடம்

சூழலைப் பிரித்தால் என்ன நேரும் என்பதை 2023 மார்ச்சில் திருப்பூர் கண்டது. வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. அவை தொடர்பற்ற வேறு நிகழ்ச்சிகளின் காட்சிகள் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்வையிட்டது. அதற்குள் அச்சம் பரவி, ஊர் திரும்பியவர்களும் உண்டு. காட்சி உண்மையாக இருந்தும், அதன் வழியும் எல்லையும் இயைபும் அறுக்கப்பட்டதால் பொய்யாயிற்று.

இதனை இன்று ஆராய விரும்பும் ஒருவர்க்குக் காணொளிகள் எளிதில் கிடைக்கும். ஒரே காணொளியில் அகமும் புறமும் இருக்கின்றன என்பதை அவர் உணர வேண்டும். வதந்தியைத் தெரிந்தே பரப்பியவர் பொதுவெளியில் பொறுப்பு ஏற்க வேண்டியவர். அவர் செயல் புறம், பெயர் சுட்டலாம். அக்காட்சியில் அடிபட்டுக் கிடக்கும் மனிதர் அதில் நடிக்க வரவில்லை; எவருக்கும் ஒப்புதல் தரவில்லை. அவர் அகத்துக்கு உரியவர். அவர் முகத்தை ஆய்வேட்டிலோ கருத்தரங்கத் திரையிலோ மீண்டும் காட்டுவது, வதந்தி செய்த கொடுமையை ஆய்வின் பெயரால் மறுமுறை செய்வதாகும்.

இவ்வாறே பனியன் தொழிலில் கைமடி வேலை செய்யும் சிறுவயதுப் பெண்ணும், சாயப்பட்டறைத் தொழிலாளியும், ஒடியாவிலோ இந்தியிலோ தம் ஊர் நண்பர்களுக்கு எழுதுகின்ற டெய்லரும் தம்மைக் கேட்போர் தம்மவரே என்று எண்ணி எழுதுகின்றனர். முதலாளியும் காண்ட்ராக்டரும் ஆய்வாளரும் படிப்பர் என்று எண்ணி எழுதவில்லை. அமைச்சரின் அறிக்கை, ஏற்றுமதியாளர் சங்கத்தின் அறிவிப்பு, புகழ்பெற்ற எழுத்தாளரின் கட்டுரை ஆகியவை இத்தகையன அல்ல. அவை நாடறியச் சொல்லப்பட்டவை. பெயரோடு எடுத்தாண்டு மறுத்துரைக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. வலியவரின் சொல்லைப் பெயரோடு நிறுத்துவதும், எளியவரின் துயரைப் பெயரின்றிக் காப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்களே.

சட்டம் நிற்கும் இடம்

சட்டம் இதில் எவ்வளவு துணை செய்கிறது? தனிமனித மறைவுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்தது. 2023இல் நாடாளுமன்றம் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆனால் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. சமூக ஊடகத்தில் தம் கருத்தை எழுதும் பெண் ஒருவரையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது. ஆய்வுப் பயன்பாட்டுக்கும் வரையறைகளுடன் விலக்கு உண்டு.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வேறு வகையில் உதவும். முகநூலில் இட்டதாலேயே கவிதை உரிமையற்றதாகிவிடாது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை எழுதியவருடையதே. அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நேர்மையான அளவில் எடுத்தாளலாம். இப்படைப்பு என்னுடையது என்று கூறும் உரிமையை 57ஆம் பிரிவு படைத்தவர்க்குத் தனியாகவே காக்கிறது. கவிஞர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

எனவே சட்டம் படைப்பைக் காக்கிறது. தானே பொதுவில் சொன்ன துயரைக் காக்கவில்லை. சட்டம் விட்ட இடத்தில் அறம் தொடங்குகிறது. 1947இல் நூரம்பர்க் நெறியும் 1979இல் பெல்மாண்ட் அறிக்கையும் மருத்துவ ஆய்வின் கொடுமைகளைக் கண்டு எழுந்தவை. அதனாலேயே நெறிக்குழு என்பது மருத்துவக் கல்லூரிக்கு உரியது என்னும் எண்ணம் இலக்கிய ஆய்வுக் களத்தில் நிலவுகிறது. ஊசியால் மட்டுமே மனிதருக்குத் தீங்கு நேரும் என்பதில்லை, மேற்கோளாலும் நேரும்.

எதிர்வாதங்கள்

இவ்வளவு தயக்கம் காட்டினால் ஆய்வே நடவாது என்பர் சிலர். ஆயிரம் பேரைக் கேட்பது எங்ஙனம்? உண்மைதான். ஆயிரம் பதிவுகளில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எப்பருவத்தில் எத்துயர் மிகுகிறது என்று தொகுத்துக் காண்பதற்கு எவர் முகமும் வெளிப்பட வேண்டியதில்லை. அதற்கு ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருவருடைய சொல்லை எடுத்து நிறுத்தும்பொழுது மட்டும் அந்த ஒருவரைக் கேட்கலாம். பத்து மேற்கோளுக்குப் பத்துக் கடிதம் எழுதுதல் இயலாத செயலன்று. விடை வராவிடில், அச்சொற்களை அப்படியே இடாமல் கருத்தைத் தம் நடையில் கூறி, ஊரும் கம்பெனியும் நாளும் தெரியாமல் எழுதலாம். எழுதியவர் அழித்துவிட்ட பதிவை, முன்பு எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் உள்ளது என்பதற்காகப் பயன்படுத்தாமல் விடலாம். பாட மறுத்த ஆத்தாவின் மறுப்பும், பதிவை அழித்தவரின் மறுப்பும் ஒன்றே.

எல்லாவற்றையும் பெயர் நீக்கி ஆண்டுவிட்டால் தொல்லையில்லை என்பர் வேறு சிலர். அது காப்பாகத் தோன்றும் மற்றொரு பறிப்பு. தம் கவிதைக்குத் தம் பெயர் வேண்டும் என்று விரும்பும் தொழிலாளிப் பெண்ணை 'பெயர் அறியா உழைப்பாளி' என்று அச்சிட்டால், நாற்று நட்டவளுக்கு 1871இல் நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது. அவரைப் பாதுகாப்பதாகச் சொல்லிப் புலவர் வரிசையிலிருந்து நீக்குவது அறமாகாது.

இனி, மனிதரல்லாத கேட்போரும் வந்துவிட்டனர். இணையத்தில் உள்ள தமிழ் எழுத்துகளைப் படித்துத் தமிழ் எழுதக் கற்கும் கணினிப் பொறிகள் இன்று உள்ளன. அவற்றால் மொழிக்கு ஆக்கமும் உண்டு. ஆனால் எவர் எழுத்து உட்சென்றது என்பதற்கு அடிக்குறிப்பு இல்லை. காற்றிலே மிதந்தது என்னும் பழைய வாதம் மிகப் பெரிய அளவில் திரும்பியிருக்கிறது. அதற்கு விடை காண ஓர் இலக்கிய வட்டத்தால் இயலாது. ஆனால் தன் கைக்கு எட்டிய அளவில் சரியானதைச் செய்துகாட்ட இயலும்.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

கவிஞர்களும் எடுப்பவர்களே. பேருந்தில் கேட்ட சொல்லும், வாட்ஸ்அப்பில் வந்த ஒப்பாரியும், அயலாரின் பதிவில் கண்ட ஒரு வரியும் கவிதைக்குள் நுழைகின்றன. இலக்கியம் அவ்வாறே வளரும். அதைத் தடுக்க எவரும் கூறார். ஆயினும் எடுத்த வரி படைத்த வரியாக அச்சேறும்பொழுது, அதற்கு உரியவர் ஒருவர் இந்த வட்டாரத்திலேயே அதைப் படிக்கக்கூடும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் அடுத்தடுத்துப் பிற நூல்களையும் பதிப்பித்தபொழுது, ஏடு தந்து உதவியவர்களின் பெயர்களை முன்னுரைகளில் நன்றியோடு குறித்தார். ஏட்டுக்கு உரியவர் நூலின் ஆசிரியர் அல்லர். பாதுகாத்து வைத்திருந்தவர் மட்டுமே. பாதுகாத்தவர்க்கே அவ்வளவு மதிப்பு என்றால், படைத்தவர்க்கு எவ்வளவு!

இவ்வட்டம் வருங்காலத்தில் தொழிலாளர் பாடல்களையோ இணையக் கவிதைகளையோ தொகுக்குமாயின், ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு படைப்புக்கும் பாயிரத்தின் எட்டுச் செய்திகளையும் எழுதி வைத்தல் வேண்டும். அவற்றோடு ஒன்பதாவதாக, 'உரியவர் சொன்னது' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். பெயரோடு வெளியிடுக, பெயரின்றி வெளியிடுக, வெளியிடற்க என்னும் மூன்றில் ஒன்றை அவரே அதில் சொல்லட்டும். குறிப்பேட்டைப் பூட்டி வைத்து, தொகுப்பைத் திறந்து வைக்கலாம்.

அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் வெளியீட்டில் தம் கவிதையைக் காணும் தையல் தொழிலாளி ஒருவர், "என்னைக் கேட்டுத்தான் போட்டார்கள்" என்று தம் பிள்ளைகளிடம் காட்டுவாராயின், அதுவே இவ்வட்டத்திற்குக் கிடைக்கும் சிறந்த மதிப்புரை. வட்டம் வளர்க, அதன் பணி சிறக்க.